ஒரே சேஸிஸ்... வேற வேற பாடி! மிரர்லெஸ் கேமராவில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸ் மட்டும்தான். அதே சேஸிஸ் ஒரு பட்டறையில் டிப்பர் ஆகும், இன்னொன்றில் டேங்கர் ஆகும், எதிர்ப் பட்டறையில் தார்ப்பாய் கட்டி ஓட்டும் சாதா லாரி ஆகும். டூல் பாக்ஸ் எந்தப் பக்கம், கேபினில் படுக்க எவ்வளவு இடம், முகப்பில் என்ன பெயிண்டிங் என்பதெல்லாம் ஓனர் சொல்வதுதான்.

மிரர்லெஸ் கேமரா வியாபாரமும் இன்றைக்கு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. சென்சார், அதன் பின்னால் ஓடும் பிராசஸர், ஃபோகஸ் செய்யும் மூளை எல்லாம் சேஸிஸ் மாதிரி. அதையே எடுத்து நான்கைந்து விதமான பாடிக்குள் வைத்து, நான்கைந்து விலையில் விற்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே ஓனரை யாரும் கேட்பதில்லை. எந்த பட்டன் வேண்டும், எத்தனை கார்டு போட இடம் வேண்டும் என்று முடிவு செய்வது டோக்கியோவில் உட்கார்ந்திருப்பவர்கள்.

இது கேமரா பைத்தியங்களின் பிரச்னை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனா, ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கல்யாண ஸ்டூடியோ இருக்கிறது. பத்து வருஷமாக டிஎஸ்எல்ஆரில் ஓட்டியவர்கள் இப்போது வேறு வழியில்லாமல் மாற வேண்டியிருக்கிறது. 1டிஎக்ஸ் மார்க் 3தான் எங்கள் கடைசி உயர்ரக டிஎஸ்எல்ஆர் என்று கேனானின் தலைவர் 2021 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். புதிய லென்ஸ்கள் வருவதும் மிரர்லெஸ்ஸுக்குத்தான். ஆக, அடுத்த சீசனுக்குள் லட்சக் கணக்கில் பணம் போட்டாக வேண்டும். கடையில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல். விலை வித்தியாசமோ பெரும்பாலும் அதில் இல்லை.

ஆயிரம் டாலர் எங்கே போச்சு?

தெளிவாகப் புரிய ஒரே ஒரு ஜோடி போதும். கேனான் 2022 நவம்பரில் ஆர்6 மார்க் 2 கேமராவை அறிவித்தது. அமெரிக்க விலை 2,499 டாலர். மூன்றே மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில் ஆர்8 வந்தது. விலை 1,499 டாலர். இரண்டிலும் ஒரே 24.2 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார், ஒரே தலைமுறை ஆட்டோஃபோகஸ். ஒரே லென்ஸைப் போட்டு ஒரே இடத்தில் நின்று எடுத்தால், எந்தப் படம் எந்த கேமராவில் எடுத்தது என்று ஆல்பம் டிசைனரால்கூடச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த ஆயிரம் டாலர் எதற்கு? ஆர்8-ல் இல்லாதவற்றை அடுக்கினால் விடை வந்துவிடும். பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் இல்லை. இரண்டாவது கார்டு ஸ்லாட் இல்லை. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக் இல்லை. பின்பக்கச் சக்கரம் இல்லை. முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. வியூஃபைண்டர் தெளிவு குறைவு. பேட்டரியும் சின்னது. ஆர்6 மார்க் 2-ல் 2,130 எம்ஏஎச் பேட்டரி என்றால் இதில் 1,040தான், பாதிக்கும் குறைவு. பதிலுக்குக் கிடைப்பது எடை. 670 கிராம் எங்கே, 461 கிராம் எங்கே!

பயணம் போகிறவருக்கு ஆர்8 அருமையான கேமரா. அதில் சந்தேகமே இல்லை. குழந்தையை எடுக்க, கொல்லிமலைக்குப் போய் வர இது போதும், 70 கொண்டை ஊசி வளைவிலும் கழுத்து வலிக்காது. ஆனா அதே கேமரா ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது, மேலே சொன்ன ஒவ்வொரு 'இல்லை'யும் வேறு மாதிரி கனக்க ஆரம்பிக்கும்.

விடிகாலை முகூர்த்தத்தில் ஒரு பட்டனின் மதிப்பு

இரண்டாவது கார்டு ஸ்லாட்டிலிருந்தே தொடங்கலாம். இரண்டு ஸ்லாட் இருந்தால் எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதிவாகும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை விழுந்து, மூன்று முடிச்சு முடியும் நேரம் சில விநாடிகள். அதை ரீடேக் எடுக்க முடியாது. கார்டு எர்ரர் தினமும் வருவதில்லைதான். வருஷக் கணக்கில் வராமலேயேகூட இருக்கலாம். ஆனால் வருகிற அந்த ஒருநாள், பெண் வீட்டாருக்கு முன்னால் போய் நிற்கப்போவது கேமரா கம்பெனி இல்லை, ஸ்டூடியோக்காரர். நம்ம ஊரில் அடுத்த ஆர்டர் வருவது இன்ஸ்டாகிராம் விளம்பரத்தால் அல்ல, "அவங்க நல்லா எடுத்துக் கொடுத்தாங்க" என்று சம்பந்தி வீட்டில் யாரோ சொல்வதால். ஒரு கார்டு போனால் ஒரு ஊரே போகும்.

அடுத்தது டயல்கள். கேமராவை மேனுவலில் வைத்து எடுப்பவருக்கு அப்பர்ச்சருக்கு ஒரு டயல், ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல் தேவை. இரண்டும் இருந்தால் கண்ணை எடுக்காமல் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒற்றை டயல் கேமராவில் ஒன்றை மாற்றிவிட்டு, ஒரு பட்டனை அழுத்தி, பிறகு மற்றதை மாற்ற வேண்டும். கேட்க சின்ன விஷயம். ஆனா இருட்டான மணமகள் அறையிலிருந்து வீடியோ லைட் கொளுத்தும் மேடைக்கு, அங்கிருந்து விடிந்தும் விடியாத வாசலுக்கு என்று பத்து நிமிஷத்தில் மூன்று வெளிச்சம் மாறுகிற இடத்தில் அந்த ஒரு விநாடிதான் படம். கேனானின் ஆர்10, ஆர்50 இரண்டையும் ஒப்பிட்டால் இது கையிலேயே தெரியும். இரண்டும் ஏறத்தாழ 24 மெகாபிக்சல் சின்ன சென்சார் கேமராக்கள். ஆர்10-ல் இரண்டு டயலும் ஜாய்ஸ்டிக்கும் உண்டு. ஆர்50-ல் ஒரே டயல், ஜாய்ஸ்டிக் கிடையாது. அதற்கும் கீழே, 2023-ல் வந்த ஆர்100-ல் தொடுதிரைகூட இல்லை, திரை வெளியே திரும்பவும் திரும்பாது. ஐயாயிரம் ரூபாய் போனிலேயே தொடுதிரை இருக்கும் காலத்தில் இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜாய்ஸ்டிக்கின் அவசியம் முன்பைவிடக் குறைந்திருப்பது உண்மை. கண்ணைக் கண்டுபிடித்துத் தானே ஃபோகஸ் செய்யும் வசதி எல்லா புதிய கேமராக்களிலும் வந்துவிட்டது. ஆனா மேடையில் பதினைந்து பேர் நிற்கும்போது யாருடைய கண் என்பதைச் சொல்ல யாராவது வேண்டும் இல்லையா? மணமகளை விட்டுவிட்டு, முன்னால் ஆரத்தித் தட்டோடு குனியும் அத்தையின் முகத்தில் ஃபோகஸ் போய் உட்காரும். திரையைத் தொட்டு மாற்றலாம்தான், வியர்த்த விரலால்.

ஷட்டர் விஷயத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. 'விநாடிக்கு 40 படம்' என்று ஆர்8 பெட்டியில் இருப்பது எலெக்ட்ரானிக் ஷட்டர் கணக்கு. சத்தமே இல்லாத அந்த ஷட்டர், சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். மண்டபத்தின் எல்இடி சீரியல் செட்டும், மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்துக்கொண்டே இருப்பதால், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் வகையில், அதாவது முதல் திரை மட்டும் எலெக்ட்ரானிக்காக இருக்கும் முறையில் எடுத்தால் ஆர்8 தருவது விநாடிக்கு 6 படம். ஆர்6 மார்க் 2-ல் 12. மண்டபத்தில் உதவப்போவது இந்த எண்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது அல்ல.

வெட்டுவதில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு

விலை குறைந்த மாடலில் சிலதைக் குறைக்கத்தான் செய்வார்கள். ஸ்டெபிலைசேஷனுக்கு பாடிக்குள் இடமும் மோட்டாரும் வேண்டும், வியூஃபைண்டர் பேனலுக்கு உண்மையிலேயே காசு ஆகும். இதையெல்லாம் குறை சொல்ல முடியாது. இருப்பதையே பூட்டி வைப்பதுதான் உறுத்துகிறது.

இது இன்று தொடங்கிய கதையும் இல்லை. 2003-ல் கேனான் 10டி என்ற கேமராவை விற்றது. அதே ஆண்டு, அதே 6.3 மெகாபிக்சல் சென்சாரை பிளாஸ்டிக் பாடியில் போட்டு 300டி என்று ஆயிரம் டாலருக்குக் கீழே இறக்கியது. கொஞ்ச நாளில் 'வாசியா' என்ற புனைபெயரில் ஒருவர் மாற்றியமைத்த ஃபர்ம்வேர் இணையத்தில் பரவியது. அதை ஏற்றியதும், 300டி-யில் இல்லை என்று சொல்லப்பட்ட ஐஎஸ்ஓ 3200, ஃபிளாஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி, கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி எல்லாம் திறந்துகொண்டன. அதாவது, வீட்டுக்குள் அறை இருந்தது. சாவியைத்தான் கொடுக்கவில்லை.

2019-லும் இதே கூத்து. கேனானின் விலை குறைந்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் ஆர்பி, ஃபுல் எச்டி வீடியோவில் விநாடிக்கு 24 ஃபிரேம் வசதி இல்லாமல் வந்தது. சினிமா எடுக்கப்படுவது 24 ஃபிரேமில்தான், 'சினிமாட்டிக் வெட்டிங்' பண்ணுகிறவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். 90டி-யிலும் எம்6 மார்க் 2-விலும் அதே குறை. எல்லா நாட்டிலிருந்தும் திட்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபர்ம்வேர் அப்டேட்டில் 24 ஃபிரேம் இலவசமாக வந்துசேர்ந்தது. ஹார்டுவேரில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை.

கேனானை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. சோனி 2020-ல் ஏ7சி-யை விட்டபோது, ஏ7 3-ன் அதே 24 மெகாபிக்சல் திறனை எடுத்துக்கொண்டு முன் டயலையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒரு கார்டு ஸ்லாட்டையும் கழற்றிவிட்டது. 2023-ல் வந்த ஏ7சி 2-ல் முன் டயல் திரும்பி வந்தது. கார்டு ஸ்லாட் ஒன்றேதான், விலையோ 2,199 டாலர். போட்டோ எடுப்பவர் தன் விருப்பப்படி திரையில் கட்டக்கோடு போட்டுக்கொள்ளும் வசதிக்கு சோனி தனியாக லைசென்ஸ் விற்றது. பானசோனிக் 2015-லேயே ஜிஎச்4-ல் வி-லாக் என்ற வண்ண வசதியைத் திறக்க 99 டாலர் கேட்டது. வீட்டை வாங்கிய பிறகு ஜன்னலைத் திறக்க வாடகை!

கார்டு ஸ்லாட் விஷயத்தில் "செலவு அதிகம்" என்ற வாதம் நிற்கவே நிற்காது. சாட்சி நிகான். 2018-ல் இசட்6, இசட்7 இரண்டையும் ஒற்றை ஸ்லாட்டோடு விட்டு, கல்யாண போட்டோகிராபர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 2020 ஜூலையில் இசட்5 வந்தது. 1,399 டாலருக்கு ஃபுல் ஃபிரேம், பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன், சாதாரண எஸ்டி கார்டு இரண்டு போடும் இடம். அக்டோபரில் வந்த இசட்6 2, இசட்7 2 மாடல்களிலும் இரண்டாவது ஸ்லாட் சேர்ந்தது. 2020-ல் 1,399 டாலர் கேமராவில் முடிந்தது, மூன்று வருஷம் கழித்து 1,499 டாலர் கேமராவில் ஏன் முடியவில்லை?

இதைவிட வேடிக்கை கேனானின் சொந்த வீட்டிலேயே இருக்கிறது. ஆர்7-ன் அறிமுக விலையும் 1,499 டாலர்தான். அதில் இரண்டு ஸ்லாட், ஸ்டெபிலைசேஷன், ஜாய்ஸ்டிக், பெரிய பேட்டரி எல்லாம் உண்டு. ஆனா சென்சார் சின்னது. அதே விலையில் பெரிய சென்சார் வேண்டும் என்றால் ஆர்8, இவை எதுவும் கிடையாது. இரண்டும் சேர்ந்து வேண்டுமா? மேலே ஆயிரம் டாலர். கல்யாண வேலைக்கு என்றால் நான் ஆர்7 பக்கம்தான் நிற்பேன். இருட்டில் கொஞ்சம் இரைச்சல் விழும் படத்தை எடிட்டிங்கில் சரிசெய்யலாம். இல்லாத படத்தைச் சரிசெய்ய முடியாது.

டயலே விற்பனைப் பொருளாக

இன்னொரு பக்கம், கட்டுப்பாடுகளைக் குறைக்காமல் அவற்றையே காட்சிக்கு வைத்து விற்கும் போக்கும் வளர்ந்திருக்கிறது. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி5-ன் தலையில் ஐஎஸ்ஓவுக்கும் ஷட்டருக்கும் எண்கள் பொறித்த தனித்தனி டயல்கள் இருக்கும். 2024-ல் வந்த எக்ஸ்-டி50-யில் அதே 40 மெகாபிக்சல் சென்சார். ஆனா இடது தோளில் ஐஎஸ்ஓ டயல் இருந்த இடத்தில், படத்துக்கு ஃபிலிம் வண்ணம் தேர்ந்தெடுக்கும் டயல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டும், தூசி, தண்ணீர் புகாத சீலிங்கும் போய்விட்டன. அந்த ஒரு டயலை மாற்றியதிலேயே இது யாருக்கான கேமரா என்று சொல்லிவிட்டார்கள்.

நிகான் 2023-ல் இசட்எஃப்பைப் பழைய ஃபிலிம் கேமரா மாதிரியே செய்தது. பார்த்தால் தாத்தா காலத்து கேமரா, உள்ளே புது மூளை. கார்டு ஸ்லாட் இரண்டு உண்டு. ஆனா ஒன்று எஸ்டி, இன்னொன்று போனில் போடும் அந்த நகத்தளவு மைக்ரோ எஸ்டி! மண்டபத் தரையில், உதிர்ந்த ரோஜா இதழ்களுக்கு நடுவே அதைக் கீழே போட்டுவிட்டுத் தேடிப் பாருங்கள்.

ஃபிளாஷ் எரியாத கேமரா

புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் அதிகம் ஏமாறுவது வேறு இடத்தில். கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் காலணி இருக்கிறதே, அதன் நடுவில் ஒரு சின்ன உலோகப் புள்ளி இருக்கும். எந்த கம்பெனியின் ஃபிளாஷையும், மலிவான ட்ரிக்கரையும் எரிய வைப்பது அந்தப் புள்ளிதான். 2019-ல் வந்த கேனான் 200டி மார்க் 2-ல் அந்தப் புள்ளியையே எடுத்துவிட்டார்கள். கேனான் முறையில் பேசும் ஃபிளாஷ் எரியும். ஸ்டூடியோவில் பல வருஷமாகக் கிடக்கும் சாதா ட்ரிக்கர் எரியாது. ஆர்50-யில் காலணியே புது வகை. பழைய ஃபிளாஷை மாட்ட தனியாக ஒரு அடாப்டர் வாங்க வேண்டும்.

சோனி இசட்வி-இ10 2 இன்னும் ஒரு படி மேலே. 2024-ல் வந்த இந்த கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. ஃபிளாஷ் போட்டு எடுக்கும் வேலைக்கு ஆகவே ஆகாது. வியூஃபைண்டரும் கிடையாது. யூடியூபருக்காகச் செய்த பொருள், அவருக்கு அது சரி. ஆனா "புது சோனி, 26 மெகாபிக்சல்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கடனில் வாங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு எடுத்துப் போகிறவர் அங்கேதான் இதைக் கண்டுபிடிப்பார்.

வீடியோ பக்கமும் இதே கதைதான். 2020-ல் வந்த ஆர்6-ல் 29 நிமிடம் 59 விநாடி ஆனதும் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா, அதற்கு வரி அதிகம் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய சுங்க விதியிலிருந்து பிறந்த கணக்கு இது. மார்க் 2-ல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சேலத்து மண்டபத்தில் சடங்கு பாதியில் நிற்பதற்கு ஐரோப்பாவில் காரணம் இருந்தது என்றால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வீடியோ எடுத்தவருக்கு வந்திருக்காது.

ஏன் இவ்வளவு கணக்கு பார்க்கிறார்கள்?

சந்தை சுருங்கிவிட்டது, அதுதான் காரணம். ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர்கள் சங்கமான சிபாவின் கணக்கில், 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. மீதியைப் போன் சாப்பிட்டுவிட்டது. எண்ணிக்கையில் சம்பாதிக்க முடியாதபோது, வருகிற ஒவ்வொருவரையும் அடுத்த படிக்கு ஏற்றிவிடத்தான் பார்ப்பார்கள். சென்சாரில் கைவைத்தால் படம் கெடும், பெயர் கெடும். பட்டனில் கைவைத்தால் விமர்சகர்கள் இரண்டு வரி முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். விலை குறைந்த மாடலை வாங்கியவர் ஒரு வருஷத்தில் தானாகவே மேலே வருவார். கழற்றிய ஒவ்வொரு டயலும் அடுத்த மாடலுக்கான விளம்பரம்.

இந்தியாவில் கொஞ்சம் ஆறுதலாக, டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகும் ஃபுல் ஃபிரேம் பாடி, ஒரு நல்ல லென்ஸ், இரண்டு பேட்டரி, கார்டு என்றால் சின்ன ஊர் ஸ்டூடியோவுக்கு அது ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கும் முடிவுக்குச் சமம். லென்ஸையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். சோனி மவுன்ட்டுக்கு டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் தாராளமாகக் கிடைக்கும். கேனானின் ஆர்எஃப் மவுன்ட் பல வருஷம் வெளியாருக்குப் பூட்டியே கிடந்தது. 2024-ல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைத் திறந்தார்கள், அதுவும் சின்ன சென்சார் லென்ஸ்களுக்கு.

வாங்கப் போகிறவர்கள் ஒரு நாள் வாடகை கொடுத்தாவது அந்த பாடியை முதலில் ஒரு முகூர்த்தத்துக்கு எடுத்துப் போய்விடுவது நல்லது. ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லாத நாட்களில் கடையில் நிதானமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அப்போது விற்பவருக்கும் நேரம் இருக்கும். சொந்த ஃபிளாஷையும் ட்ரிக்கரையும் பையில் எடுத்துப் போங்கள். மாட்டி, எரிகிறதா என்று பாருங்கள். கார்டு மூடியைத் திறந்து ஸ்லாட்டை எண்ணுங்கள். மேனுவலில் வைத்து, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் அப்பர்ச்சரையும் ஷட்டரையும் மாற்றிப் பாருங்கள். கடையின் எல்இடி விளக்கைப் பார்த்து எலெக்ட்ரானிக் ஷட்டரில் நாலு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிக் கோடு விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மெகாபிக்சல் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.